திரைக்குப் போன எர்த் கம்பி

என் புருஷன் மஹ்ரூபுக்கு வாய் ஏழு முழம். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கிறார். இரும்பைக் கடையும் பெரிய லேத் மெசின், அதற்கொரு மோட்டார், கரண்ட் எல்லாம் உண்டு. அந்த மெசினைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும்.

மகள் றஸ்மியாவைப் பெண் பேச மாளிகாவத்தை ஸாலிஹ் நாநா குடும்பத்தோடு வருவதாக இருந்தது. இரண்டு சம்பந்தம் தட்டிப்போன பிள்ளை. இதுவாவது கூடிவர வேண்டுமே என்று எனக்குக் கவலை. அவர் மகன் நிலாம்தான் மாப்பிள்ளை; எங்கள் வழக்கப்படி எங்கள் வீட்டோடு வந்து, பட்டறையில் வேலை செய்வதாகப் பேச்சு.

பெண்கள் உட்கார ஹோலில் திரை கட்ட வேண்டும். யுத்த காலம், கடையில் கம்பி மருந்துக்கும் கிடையாது. இவர் எங்கிருந்தோ மொத்தமான செம்புக் கம்பி ஒன்றைக் கொண்டுவந்து இழுத்துக் கட்டினார்.

"எங்க எடுத்தீங்க?"

"மெசின்ட எர்த் கம்பி. நிலத்துக்குள்ள போற கம்பி, அதுல கரண்டே ஓடுறல்ல. சும்மாதானே கெடக்கு."

திரை நேராக நின்றது. எனக்கு அது போதுமாக இருந்தது.

மறுநாளே லேத்தில் வேலை செய்யும் சங்கிலி வந்து நின்றான்.

"மொதலாளி, எர்த் கம்பி கழட்டுனதுலருந்து மெசினு கையக் கடிக்குதுங்க, ஷாக்கு."

இவர் சிரித்தார். "ஒரு பலகையப் போட்டு அதுல ஏறி நின்டு செய்."

நானும் சேர்ந்து சிரித்தேன், பாவி. சங்கிலி பலகையில் நின்று வேலை செய்தான்.

பெண் பேச வந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள். ஸாலிஹ் நாநா கை கழுவித் துடைக்கக்கூட இல்லை, இவர் அவரைப் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். நான் பின் ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். மனிதர் செருப்பை வாசலிலேயே கழற்றியிருந்தார். இவர் மோட்டாரை ஓடவிட்டார்.

"தொட்டுப் பாருங்க நாநா, அசல் சீமை இரும்பு!"

ஈரக் கையால் தொட்டார். "யா அல்லாஹ்!" என்று அலறிக்கொண்டு மல்லாந்து விழுந்தார். சர்பத் தட்டோடு வந்த சங்கிலி தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் மெயின் சுவிட்சை இழுத்தான்.

உயிருக்கு ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். எழுந்து உட்கார்ந்தார்.

"பயப்படாதீங்க நாநா," என்றார் இவர். "பலகைல நின்டா ஒன்டும் செய்யாது. சங்கிலி ஒவ்வொரு நாளும் நிக்கிறானே!"

"அப்ப என்ட மகனுக்கும் ஒரு பலக வச்சீக்கீங்களா?"

"தவ்பா! மருமகன அப்பிடி நிப்பாட்டுவனா? அவர் வார அன்டைக்கே கம்பிய மாட்டிருவன்."

அந்த வாயைத் தைத்துவிடலாம் போல இருந்தது எனக்கு. ஸாலிஹ் நாநா சங்கிலியைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார்.

"அவனும் ஒரு உம்மா பெத்த புள்ளதானே. இது சரிவராது மஹ்ரூப்."

பெண்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். தெருவே வேடிக்கை பார்க்க, எங்கள் மானம் கப்பலேறியது. றஸ்மியா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நானே திரையைக் கழற்றி, கம்பியைச் சுருட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். சங்கிலியிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் போனேன்.

"இத மாட்டாம மெசினத் தொடாத," என்று மட்டும் சொன்னேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"அம்மா, பாப்பா கல்யாணம் என்னாலதானுங்களே கெட்டுச்சு. நாளைக்கு நான் வேலைக்கு வரட்டுங்களா?"

நான் கம்பியை அவன் கையில் கொடுத்துவிட்டு, அந்தப் பலகையை எடுத்து வெளியே எறிந்தேன்.