இல்லாத சலவையறை

என் புருஷனைப் போல ஒரு மரமண்டை உலகத்திலேயே கிடையாது என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அவரும் நானும் வேலை பார்த்த தொழிற்சாலையில் அவரைப் போலவே ஒரு கூட்டம் இருக்கிறது. வெள்ளைக் கோட்டும் ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு நாள் முழுக்கக் கோழி வெட்டுகிற கூட்டம். கையில் கத்தி கூர்மையாக இருப்பதால் புத்தியும் அப்படித்தான் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள்.

எனக்கு அங்கே சலவையறையில் வேலை. ஐஸ் அறைக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத இடம். நானும் பெரியக்காவும் மட்டும்தான். பெரியக்கா எனக்குச் சொந்தமில்லை. எனக்கு முன்பே சேர்ந்தவர், அதனால் எல்லோருக்குமே பெரியக்கா. ஷிப்டு முடிந்ததும் இந்த மகாராஜாக்கள் ரத்தமும் இறகும் ஒட்டிய கோட்டுகளைக் கழற்றிச் சுவரில் இருக்கும் திறப்பு வழியாக எங்கள் பக்கம் எறிவார்கள். கொடுப்பார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் அதே திறப்பு வழியாகத் துவைத்துத் தேய்த்து மடித்த கோட்டு அவர்கள் கைக்குப் போகும். அறுந்த பொத்தானையும் நான்தான் தைத்திருப்பேன். அது தானாக முளைத்தது என்று நினைத்திருப்பார்கள்.

என்றாலும் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. காரணம் ஒன்றே ஒன்று. மாதம் பிறந்தால் என் கையில் என் சம்பளம். ஒரு புடவைக்கோ ஒரு மாத்திரைக்கோ புருஷன் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டியதில்லை. கல்யாணமான புதிதில் அப்படி நின்று நின்று எனக்குக் கால் கடுத்துப்போயிருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் வரிக்காரர் வந்து சேர்ந்தார். வரி அலுவலகத்து ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கேயிருந்து பணம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லித் தொழிற்சாலை தொழிற்சாலையாக ஏறி இறங்குகிறவர். வாங்கித் தருவதில் தனக்கும் ஒரு பங்கு. கேன்டீனில் எங்கள் ஆட்களை உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். வேலைக்குப் போடுகிற சீருடையைத் தொழிலாளி தன் செலவில் துவைத்தால், அந்தச் செலவுக்கு வரிச் சலுகை உண்டு. சம்பளத்தில் பிடித்த வரியில் கொஞ்சம் திரும்பி வரும். போன வருஷங்களுக்கும் சேர்த்துக் கேட்கலாம். அதுவரை அவர் சொன்னது சரிதான். ஒரே ஒரு நிபந்தனை, கம்பெனி துவைத்துக் கொடுக்கக் கூடாது.

மூளை என்று ஒன்று இருக்கிறவன் அந்த இடத்தில் எழுந்து போயிருப்பான். இவர்கள் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். இங்கே சலவை வசதி கிடையாது, எங்கள் கோட்டை நாங்களே வீட்டில் துவைக்கிறோம் என்று எல்லோரும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், மேனேஜர் அதில் முத்திரை குத்த வேண்டும், அவ்வளவுதான் என்றார் வரிக்காரர். இவர்கள் பேனாவுக்கு அடித்துக்கொண்டார்கள்.

அந்த மனிதர் அதோடு விட்டாரா? சலவையறைக்கே வந்துவிட்டார். மெஷின் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் நீல ஏப்ரனும் சீருடைதானாம், வீட்டில் துவைப்பதாக நாங்களும் கையெழுத்துப் போடலாமாம். நான் ஈரக் கையோடு அவரை ஏற இறங்கப் பார்த்தேன்.

"தம்பி, இப்ப நீங்க நிக்கிறீங்களே, இது என்ன இடம்?"

"காகிதத்துல இந்த இடம் கிடையாதுக்கா," என்றார். ஒரு வெட்கம், ஒரு கூச்சம், எதுவும் இல்லை.

நான் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பெரியக்கா கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு போட்டார். எதற்குப் போட்டீர்கள் என்று கேட்டதற்கு, வருகிறதை ஏன் விட வேண்டும் என்றார். எத்தனையோ வருஷம் நின்று உழைத்த இடத்தை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த மூட்டையை அவிழ்க்கப் போனார்.

வீட்டில் என் புருஷன் ஏதோ மலையைப் புரட்டிவிட்டு வந்தது போலச் சட்டையைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். முதல் கையெழுத்தே தன்னுடையதுதான் என்று பெருமை வேறு. சலவையறை இல்லை என்றால் பெண்டாட்டி எங்கே வேலை பார்க்கிறாள் என்று ஒரு நிமிஷமாவது யோசித்தீர்களா என்று கேட்டேன். யோசிப்பதா, அவரா?

"சும்மா ஒரு காகிதம்டி. எவன் வந்து பாக்கப்போறான்? எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன்."

எல்லோரும் கிணற்றில் விழுந்தாலும் இவர் வரிசையில் நின்று விழுவார். மறுநாள் நானே கேன்டீனுக்குப் போய், அந்தக் காகிதத்தைத் திரும்ப வாங்கிவிடுங்கள் என்று வாய் வலிக்கச் சொன்னேன். உங்கள் ரூமை யார் அக்கா தொடுவார்கள் என்று சிரித்தார்கள். ஒருத்தன் என்னிடம் காலர் சரியாக வெளுக்கவில்லை என்று குறை வேறு சொன்னான்.

மேனேஜர் முத்திரை குத்தினார், பணம் வந்தது. வரிக்காரர் பங்கு போக மிஞ்சியதில் என் புருஷன் ஒரு ஜோடி செருப்பு வாங்கினார். அதுவும் தள்ளுபடியில்.

பிறகு மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். சலவையறையின் தண்ணீர்ச் செலவும் கரண்டுச் செலவும் அவர் கண்ணை வெகு நாளாக உறுத்திக்கொண்டிருந்தன. மூட ஒரு சாக்கு இல்லாமல் தவித்த மனிதருக்கு எங்கள் ஆட்கள் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்திருந்தார்கள். முகத்தை மட்டும் சாவு வீட்டுக்குப் போகிறவர் போல வைத்துக்கொண்டார்.

"நான் என்னம்மா பண்றது? இங்க சலவையே இல்லைன்னு அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க. நாளைக்கு வரி ஆபீஸ்லேருந்து யாராவது வந்து பாத்தா அவங்க சொன்னது பொய்யாயிடும். அவங்க நல்லதுக்குத்தான் மூடுறேன்."

நான் ஒருத்தி கையெழுத்துப் போடவில்லையே என்று கேட்டேன். உன் ஒருத்தியின் ஏப்ரனைத் துவைக்க ஒரு மெஷினை ஓட்ட முடியுமா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். காகிதத்தைத் திருப்பி, முதல் கையெழுத்து யாருடையது என்றும் காட்டினார். பெரியக்கா அப்போதுதான் விஷயம் புரிந்து, பக்கத்தில் நின்று அழ ஆரம்பித்தார். எனக்கு அழுகை வரவில்லை. இப்படிப்பட்ட ஆட்களின் அழுக்கையா இத்தனை நாள் மாங்குமாங்கென்று துவைத்தோம் என்று உடம்பெல்லாம் எரிந்தது.

அந்த வாரமே மெஷினைக் கழற்றிக்கொண்டு போனார்கள். சுவரில் இருந்த திறப்பைப் பலகை வைத்து அடைத்தார்கள். இனிமேல் கோட்டை அவரவர் வீட்டில் துவைத்துவர வேண்டும், கறையோடு வருகிறவர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவார்கள், அன்றைய கூலி கிடையாது என்று அறிவிப்பு. மகாராஜாக்கள் அதைப் படித்துவிட்டுத் திருதிருவென்று விழித்தார்களாம்.

அன்று சாயங்காலம் என் புருஷன் கோட்டைச் சுருட்டி எடுத்துவந்து என் காலடியில் போட்டார். பழக்க தோஷம், எறிந்தார். நான் அதைத் தாண்டிப் போய் உட்கார்ந்தேன்.

"என்ன, துவைக்கலையா?"

"நீங்கதானே துவைக்கிறதா எழுதிக் குடுத்தீங்க. துவைங்க."

கொஞ்ச நேரம் முறைத்தார். நான் எழுந்திருக்கவில்லை என்றதும் வீம்பாகப் பாத்ரூமுக்குள் போனார். அழுக்கு நன்றாகப் போக வேண்டும் என்று தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, ரத்தம் படிந்த கோட்டின் மேல் அப்படியே ஊற்றினார். ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்தான். சுடுதண்ணீர் பட்டால் கறை நூலுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் எவராலும் அதைக் கிளப்ப முடியாது. இதை நான் பாத்ரூம் வாசலில் நின்றுகொண்டே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் முக்கி முனகித் தேய்ப்பதை வேடிக்கை பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் போன வேகத்திலேயே திரும்பி வந்தார். நெஞ்சிலிருந்து வயிறு வரை பழுப்பு பழுப்பாகக் கறை. வாசலில் எல்லோர் முன்னாலும் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

"சுடுதண்ணி ஊத்தக் கூடாதுன்னு உனக்குத் தெரியும்தானே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"இத்தனை வருஷமா நீங்களேதான் துவைக்கிறீங்கன்னு சர்க்காருக்கே எழுதியிருந்தீங்க. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

கோட்டைப் பிடித்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்ற அந்த மூஞ்சியைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் துணி துவைக்க ஆள் கேட்கிறார்கள் என்று பெரியக்கா சொல்லியிருந்தார். தலையை வாரிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டினேன். பையைத் திறந்து பார்த்தேன். பிறகு திரும்பி வந்து, பஸ்ஸுக்குச் சில்லறை கேட்டு அதே மூஞ்சிக்கு முன்னால் கையை நீட்டினேன்.