மருந்து ஏறாத நாள்

1

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், மனிதகுலத்தின் வலியைப் பற்றிய கடைசிக் கதை இன்று காலை, இரண்டாவது காபிக்குப் பிறகு தொடங்கப்பட்டுவிட்டது. இனி வேறு யாரும் அதைப் பற்றி எழுதிச் சிரமப்பட வேண்டியதில்லை.

உண்மையில் இது நேற்று இரவு என் கொழுந்தியாள் செய்த போனில்தான் தொடங்கியது. அவள் தீக்காயப் பிரிவில் நர்ஸ்.

"மாமா, உங்க கதையில எல்லாருக்கும் ஆன்மாவே வலிக்குது. யாருக்காவது தொடை வலிக்காதா?" என்றாள். வழக்கமான கிண்டல். நான் பதில் தேடுவதற்குள் குரல் இறங்கிவிட்டது.

"இன்னைக்கு ஒரு தப்பு பண்ணிட்டேன் மாமா. அக்காகிட்ட சொல்லிடாதீங்க."

2

முதல் தொடக்கம்: 'நெருப்பு, மனிதன் தொழுத முதல் தெய்வம். அதன் ஆயிரம் நாவுகள்'

(நிறுத்தினேன். அவள் சொன்ன நோயாளியைச் சுட்டது நெருப்பில்லை, வெந்நீர்.)

இரண்டாம் தொடக்கம்: 'அவருடைய அலறல் அந்தக் கட்டடத்தின் சுவர்களை'

(இதையும் அடித்தேன். அவர் அலறவேயில்லை. பிரச்சினையே அதுதான்.)

மூன்றாவது, வேறு வழியில்லாமல்: அவர் சலவைக் கடைக்காரர். கொதிக்கும் தண்ணீர் அண்டா சரிந்து வலது தொடை வெந்துவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும்.*

* கட்டு மாற்றுவதென்றால் பழைய துணியை எடுத்துப் புதியதைச் சுற்றுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பழைய துணி புண்ணோடு ஒட்டியிருக்கும். உப்புநீர் ஊற்றி ஊறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக உரிக்க வேண்டும். அதற்கு முன்பே கையில் செருகிய குழாய் வழியாக வலி மருந்தை ஏற்றி, அது வேலை செய்யும்வரை காத்திருப்பார்கள். இந்த அடிக்குறிப்பை எழுதியபின் எனக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. இலக்கியத்துக்கு இதனால் ஒரு நன்மையும் இல்லை.

3

அன்று நர்ஸுக்கு இரண்டாவது ஷிப்டும் சேர்ந்து விழுந்திருந்தது. (கதைக்குள் அவள் என் கொழுந்தியாள் இல்லை, வெறும் நர்ஸ்.) கால் வீங்கிச் செருப்பு வார் பதிந்திருந்தது. மருந்தை ஏற்றினாள், காத்திருந்தாள், உப்புநீரை ஊற்றினாள். மெத்தை விரிப்பெல்லாம் நனைந்தது. அது எப்போதும் நனைவதுதான்.

உரிக்கத் தொடங்கியதும் அவர் பேசத் தொடங்கினார்.

"மெதுவா சிஸ்டர். இது கஸ்டமர் துணி மாதிரி. கிழிச்சுட்டா யார் பதில் சொல்றது?"

"கடைக்காரர் நீங்கதானே, நீங்களே சொல்லுங்க."

"ஊர்ல இருக்கிற சுருக்கமெல்லாம் எடுத்தவன் நான். இப்ப என் தோலுக்கு இஸ்திரி போட ஆள் தேடுறேன், பாருங்க."

அவள் சிரித்தாள். அன்று முழுக்க அவளைச் சிரிக்கவைத்த ஒரே ஆள். இவ்வளவு பேசுகிறார் என்றால் மருந்து நன்றாகப் பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டாள். கை கொஞ்சம் வேகமாகவே போனது.

4

எல்லாம் முடிந்து அவர் கையைத் துடைத்துவிடும்போதுதான் பார்த்தாள். குழாய் நரம்பை விட்டு வெளியே வந்து பிளாஸ்திரிக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. மருந்து முழுக்க விரிப்புக்குப் போயிருந்தது. ஏற்கெனவே ஈரமான விரிப்பில் இன்னொரு ஈரம், யாருக்குத் தெரியும்? வலி தெரியாமல் தூங்கியது மெத்தை மட்டும்தான்.

(கடைசி வாக்கியத்துக்காக என்னையே மெச்சிக்கொண்டேன். போனில் படித்துக் காட்டினேன். "மேல படிங்க," என்றாள். இருக்கட்டும், அந்த வாக்கியத்தை எடுக்க மனமில்லை.)

அவள் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. புதுக் குழாய் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

சாயங்காலம் அவர் மனைவி அவளைத் தேடி வந்தார்.

"இனிமே கட்டு மாத்த விடமாட்டேங்கிறார்மா. மருந்து போட்டே இப்படி வலிக்குதுன்னா அந்த மருந்து எனக்கு ஒத்துக்கலைங்கிறார். நான் கதவுக்கு வெளிய நிக்கிறேன், அலறினா கேட்டுடும்னுதான் வாய் ஓயாம பேசிட்டே இருந்தாராம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன்னு ஒரே பிடிவாதம்."

கட்டு மாற்றாவிட்டால் சீழ் பிடிக்கும், காய்ச்சல் வரும். அதற்கடுத்து வருவதை நான் எழுதப்போவதில்லை.

5

முடிவு அ: நர்ஸ் உண்மையைச் சொல்கிறாள். அவர் கண்ணீர் மல்க மன்னிக்கிறார். ஜன்னல் வழியே வெளிச்சம் (வெளிச்சம் வேண்டாம்).

முடிவு ஆ: சொல்கிறாள். அவர் புகார் கொடுக்கிறார். வேலை போகிறது.

முடிவு இ: சொல்லாமல், "அன்னைக்குப் புண்ணு அப்படி இருந்துச்சு அண்ணே, இனிமே வலிக்காது" என்று பொய் சொல்லிச் சம்மதிக்க வைக்கிறாள். கட்டும் மாறுகிறது, வேலையும் இருக்கிறது. எல்லோருக்கும் நல்லது. எனக்குத்தான் தூக்கம் வராது.

மூன்றையும் அவளிடம் படித்தேன்.

"அவர் வீட்டுக்குப் போகப் பெட்டி கட்டிட்டிருக்காரு. நீங்க வெளிச்சத்தைப் போடவா எடுக்கவான்னு கேட்டுட்டிருக்கீங்க. வைங்க மாமா," என்றாள்.

வாசகரே, தேர்வு உங்களிடம். மனித மனத்தின் ஆழங்களில் இறங்கி, கருணைக்கும் அச்சத்துக்கும் நடுவே நின்று, நீங்களே

6

அவளே அவரிடம் சொல்லிவிட்டாளாம். மருந்து உள்ளே போகவில்லை, நான் பார்க்கவில்லை, என் தப்பு என்று. அவர் குழாய் செருகிய கையைத் தூக்கிப் பார்த்தாராம்.

"அப்ப நான் அடிச்ச ஜோக்கெல்லாம் மருந்தே இல்லாம சும்மா வெறும் வயித்துலயா சிஸ்டர்?"

"ஆமாண்ணே."

"நாளைக்கு ஏத்துறப்ப குழாயை நானும் பார்ப்பேன்."

மறுநாள் இருவரும் பார்த்தார்கள். மருந்து சரியாகவே ஏறியது.

அன்றும் வலித்தது, முன்னைவிடக் குறைவாக.