கப்பல் எப்படி இருந்தது?

துக்க வீட்டுக்கு வருகிறவர்கள் என்ன கேட்பார்கள் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. எப்படி ஆச்சு, எந்நேரம் ஆச்சு, பக்கத்துல ஆரு இருந்தது? கோட்டைமேட்டுச் சந்தில் ஆமினா பீவியின் வீட்டுக்கு வந்த பெண்களும் அதைத்தான் கேட்டார்கள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூடக் காத்திராமல் தீர்ப்பையும் தாங்களே சொல்லிக்கொண்டார்கள்.

"இந்த வயசுல கப்பல் என்னத்துக்குங்க? அந்தக் காசுக்கு இன்னொருக்கா மக்காவுக்கு உம்ரா போயிருக்கலாம்," என்றார் நாத்தனார் ஜைத்தூன். சொன்ன கையோடு டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

ஆமினா பீவி இத்தாவில் இருந்தார். கணவனை இழந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய காலம் அது. பேசுகிறவர்களுக்குப் பேசிவிட்டு எழுந்து போக வழி உண்டு. கேட்கிறவர் எங்கே போவது? வெள்ளைச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் தலையாட்டியபடி உள்அறைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

அவர் கணவர் ரசாக் டவுன்ஹால் பக்கம் சூட்கேஸ் கடை வைத்திருந்தவர். துபாய்க்குப் போகிறவன், தேனிலவுக்குப் போகிறவன், ஹஜ்ஜுக்குப் போகிறவர் என்று ஊரெல்லாம் பயணம் கிளம்பப் பெட்டி விற்றார். ஒரு தடவை உம்ரா போய்வந்ததைத் தவிர அவர் எங்கும் போனதில்லை. போன மாதம் கல்யாண நாளுக்கு மகன் முஜீப் யாரிடமும் மூச்சு விடாமல் டிக்கெட் வாங்கி வந்து கையில் வைத்தான். கொச்சியில் ஏறி, லட்சத்தீவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பம்பாயில் இறங்குகிற கப்பல். பம்பாய் வருவதற்கு முந்தைய விடியலில், சுபுஹு தொழுகைக்கு எழுந்த ரசாக் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். கரை வருவதற்குள் போய்விட்டார்.

அதற்கு முன்னால் சில நாட்கள் இருந்தன. ஆமினா பீவியின் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள் அவைதான். இதை அவர் யாரிடமும் சொல்ல முடியவில்லை. துக்க வீட்டில், 'நாங்க அங்க சிரிச்சுட்டுத்தான் இருந்தமுங்க' என்று எந்த வாயால் சொல்வது? கடைசி விடியலோடு சேர்த்து அந்த நாட்களையும் எல்லோரும் குழியில் போட்டு மூடியாயிற்று. அது அவருக்குத் தாங்கவில்லை. மனிதர் போனது போதாதா, அவர் சந்தோஷமாக இருந்ததையும் பிடுங்கிக்கொள்ள வேண்டுமா?

முஜீப்பின் நிலைமை அதைவிட மோசம். கடைக்குப் போவான், வருவான், தட்டின் முன் உட்காருவான், பாதியில் கையைக் கழுவிவிட்டு எழுந்து விடுவான். "அல்லா எழுதினது கண்ணு, நீ என்ன பண்ணுவ?" என்று ஆமினா பீவி சொல்லும்போதெல்லாம் தலையை ஆட்டுவான். நம்பவில்லை என்பது அந்த ஆட்டத்திலேயே தெரியும். தாடி முளைத்த முகத்தில் கண் மட்டும் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. மகனும் கையைவிட்டுப் போய்விடுவானோ என்று அவர் பயந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் அவருடைய போனுக்கு ஒரு செய்தி வந்தது. மருமகள் அஃப்ஷீன் படித்துப் பார்த்துவிட்டு அவசரமாக அழிக்கப் போனாள்.

"என்னம்மா அது?"

"ஒண்ணுமில்லீங்க மாமி. டிக்கெட் புக் பண்ணுன கம்பெனி. பயணம் எப்படி இருந்துச்சு, எத்தனை ஸ்டார் குடுப்பீங்கன்னு கேக்குறான். வெவரங்கெட்டவன்."

கப்பல் எப்படி இருந்தது என்று உலகத்தில் அவரைக் கேட்டது ஒரு மெஷின்தான். ஆமினா பீவி கையை நீட்டினார். "அதைக் குடு இப்படி."

ரிவ்யூ என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். கிளம்புவதற்கு முன்னால் அஃப்ஷீன் ஒரு கூடை ரிவ்யூ படித்துக் காட்டியிருந்தாள். பெரும்பாலானவை உதவாக்கரை. ஒருத்தர் 'சூப்பர்' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். எது சூப்பர், கப்பலா, கடலா, கக்கூஸா? இன்னொருத்தர் 'மோசம், காசு தண்டம்' என்று திட்டியிருந்தார். என்ன கோபமோ, பெண்டாட்டியோடு சண்டையோ, யார் கண்டது! ஒரே ஒரு பெண்மணி மட்டும், எந்த ஊரோ என்ன பேரோ, எதிரில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி எழுதியிருந்தார். சாப்பாட்டு நேரத்தில் லிஃப்டில் கூட்டம், கொஞ்சம் முன்னாலேயே போய்விடுங்கள். தலைசுற்றலுக்கு இஞ்சி மிட்டாய் எடுத்துப் போங்கள். என் மாமியாருக்குக் கடலைக் கண்டால் பயம், அவரை எப்படிச் சமாளித்தேன் தெரியுமா? கப்பலில் இருந்த நாளெல்லாம் அந்தப் பெண்மணி கூடவே வந்த மாதிரி இருந்தது ஆமினா பீவிக்கு. எழுதினால் அப்படி எழுத வேண்டும். படிக்கிறவர் நம்மை நம்பிப் பெட்டி கட்டுகிறார், அவரிடம் பொய் சொல்லக் கூடாது.

அன்று மத்தியானம் அவர் சொல்லச் சொல்ல அஃப்ஷீன் தட்டினாள்.

'பாத்ரூம் வாசலில் ஒரு மேடு இருக்கிறது. முழங்கால் வலிக்காரர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கவும். என் வீட்டுக்காரர் இரண்டு தடவை கால் விரலை இடித்துக்கொண்டு கப்பல் கட்டியவனைத் திட்டினார். இட்லி கல் மாதிரி இருக்கும், தொடாதீர்கள். பூரி நன்றாக இருக்கும். அசைவம் ஹலாலா என்று கேட்டோம், சமையல்காரரே வெளியே வந்து பதில் சொன்னார். டீ நம் ஊர் டீ மாதிரி இருக்காது, அதற்காக முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பயணத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

'தொழுகிறவர்களுக்கு ஒரு விஷயம். மக்கா இருக்கிற கிப்லா திசை எந்தப் பக்கம் என்று கேட்டால் கப்பல்காரர்கள் காட்டுவார்கள். ஆனால் தொழுது முடிப்பதற்குள் கப்பல் திரும்பிவிடும். நாம திரும்பலையே, அது போதும் என்றார் என் வீட்டுக்காரர்.

'ஏறுகிற இடத்தில் நீண்ட வரிசை. எங்களுக்குப் பொழுது போனது. என் வீட்டுக்காரர் சூட்கேஸ் வியாபாரி. முன்னால் நின்றவர்களின் பெட்டிச் சக்கரத்தையெல்லாம் பார்த்து, இது தாங்கும், இது படியிலேயே கழன்றுவிடும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்று நிஜமாகவே கழன்றது. சத்தம் போட்டுச் சிரித்துவிட்டு, போய் மாட்டியும் கொடுத்தார்.

'சாயங்காலம் மேல்தளத்தில் காற்று பலமாக இருக்கும். முக்காடு நிற்காது, ஊசி குத்திக்கொண்டு போங்கள். நான் குத்தவில்லை. என் வீட்டுக்காரர் இருட்டும்வரை என் முக்காட்டைக் கையால் பிடித்துக்கொண்டே நின்றார். எங்கள் தெருவில் என்னோடு சேர்ந்து நடக்கவே கூச்சப்படுகிற மனுஷர்.'

அந்த இடத்தில் அஃப்ஷீன் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆமினா பீவி தண்ணீரைக் குடித்துவிட்டு, "இட்லிக்காக ஒரு ஸ்டாரைக் கொறச்சுரு," என்றார். கடைசி விடியலைப் பற்றி எழுதவில்லை. அது கப்பலைப் பற்றியது இல்லை என்று நினைத்தார். 'மறுநாள் பம்பாய்' என்று முடித்துக்கொண்டார்.

ராத்திரி சாப்பாட்டில் அஃப்ஷீன் மெதுவாக விஷயத்தைச் சொன்னாள். முஜீப் கையை உதறினான்.

"அத்தா மவுத்தான கப்பலுக்கு ஸ்டார் போட்டீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டான். எழுந்து போய்விட்டான். அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

ஆனால் வெளியே பேசினார்கள். ரிவ்யூவுக்குக் கீழே கேள்வி கேட்க இடம் இருந்தது. ஈரோட்டிலிருந்து கயல்விழி என்கிற பெண், சக்கர நாற்காலி ரூமுக்குள் போகுமா என்று கேட்டாள். கிணத்துக்கடவு தென்னந்தோப்புக்காரர் ஒருவர், ராகிக்களி இல்லாமல் தன்னால் இருக்க முடியாது, என்ன செய்யலாம் என்றார். 'களியைக் கரையில் விட்டுவிட்டு வாங்க, திரும்பி வரும்போது அங்கேயேதான் இருக்கும்' என்று ஆமினா பீவி பதில் சொல்ல வைத்தார். சிலர் கேள்வியே கேட்கவில்லை. உங்க வீட்டுக்காரர் தமாஷான ஆளுங்க, அவரைக் கேட்டதாகச் சொல்லுங்க என்று எழுதினார்கள். அது அவருக்கு வலித்தது, பிடித்தும் இருந்தது. அந்தச் சின்னத் திரைக்குள்ளே மட்டும் ரசாக் இன்னும் உயிரோடு பெட்டிச் சக்கரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை புதிதாக ஒரு கேள்வி வந்திருந்தது. அஃப்ஷீன் படிக்கத் தயங்கினாள்.

'அம்மா, உங்க ரிவ்யூ படிச்சேனுங்க. எங்கப்பாவுக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சிருக்கு. நல்லாத்தான் நடக்குறாரு. அவருக்குத் தெரியாம டிக்கெட் வாங்கி இந்தக் கப்பல்ல அனுப்பலாம்னு இருக்கேன். அனுப்பலாங்களா? உண்மையைச் சொல்லுங்க. ரூபன், சூலூர்.'

ஆமினா பீவி அதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். ரசாக்குக்கும் ஸ்டென்ட் வைத்திருந்தது. உக்கடம் குளக்கரையில் தினமும் நடக்கிற மனிதர்தான். ஸ்டென்ட் வைத்தவர்கள் ஊரில் ஆயிரம் பேர், அப்பாவை ஆசையாக அனுப்ப நினைக்கிற பிள்ளைகளும் ஆயிரம் பேர்.

"மாமி, டாக்டரைக் கேட்டுக்கோங்கன்னு நானே ரெண்டு வரி மழுப்பி எழுதிப்போடட்டுங்களா?"

"மழுப்புனா அந்தப் பையன் அனுப்பிப்போடுவான் அஃப்ஷீன். ஆசை அப்படி. நான் சொல்றதை எழுது."

அவர் சொன்னார்.

'அனுப்பாதீங்க தம்பி. ரிவ்யூவில் நான் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. என் வீட்டுக்காரர் அந்தக் கப்பலில்தான் இறந்தார். அவருக்கும் ஸ்டென்ட் வைத்திருந்தது. கப்பல் டாக்டர் ஓடி வந்தார், அவரால் ஆனதைச் செய்தார். கரையில், பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று அவரே சொன்னார். ஆசை இருக்கட்டும், முதலில் அப்பாவைப் பார்க்கிற டாக்டரைக் கேளுங்கள். எங்கள் வீட்டில் கேட்கவில்லை.'

அஃப்ஷீன் கடைசி வரியில் விரலை நிறுத்தினாள். "இது வேணுங்களா மாமி? உங்க மகன் பாத்தாருன்னா..."

"அவன் எங்க இதையெல்லாம் பாக்கப் போறான்? போடு. ஒரு உசுரு விசயம்."

சாயங்கால அசர் தொழுகை முடிந்து பிள்ளைகள் சந்தில் கத்தி விளையாடிக்கொண்டிருந்த நேரம் முஜீப் வந்தான். கடை மூடுகிற நேரமே இல்லை. உள்அறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சரியாத்தான் எழுதியிருக்கீங்கம்மா."

"எதைக் கண்ணு?"

"ரூபன் நான்தாம்மா."

ஆமினா பீவி நிமிர்ந்து பார்த்தார். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கிட்டக் கேட்டா அல்லா எழுதினதும்பீங்க. வேத்து ஆளுக்கு நீங்க பொய் சொல்லமாட்டீங்கன்னு தெரியும். அதான் வேத்து ஆளாட்டம் கேட்டேன்." அவன் அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "எங்க வீட்டுல கேக்கலைன்னு எழுதியிருக்கீங்க. கேக்காதவன் நான்தானுங்களே."

சொல்லிவிட்டுத் திரும்பி வெளியே நடந்தான். அவர் எழுந்து பின்னாலேயே போனார். கூடத்தைத் தாண்டினார், நடையைத் தாண்டினார். வாசற்படி வந்ததும் கால் தானாக நின்றது. சந்தில் அவன் வண்டியை ஸ்டாண்டிலிருந்து தள்ளிக்கொண்டிருந்தான். எங்கே போவான், எப்படி ஓட்டுவான்? ஆமினா பீவி படியிறங்கினார்.

விளையாடிய பிள்ளைகள் நின்றன. எதிர்வீட்டு ஜன்னலில், "யா அல்லா, இத்தாவுல வெளிய வாராங்க!" என்று யாரோ சொன்னது கேட்டது. முஜீப் வண்டியை அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"உள்ள போங்கம்மா. சனம் பாக்குது."

"பாத்துட்டுப் போகட்டும். நீ நில்லு." அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். "ரூபனுக்கு எழுதுனது அத்தனையும் நெசம். மாத்த மாட்டேன். நீ டாக்டரைக் கேட்டிருந்தா நாங்க போயிருக்க மாட்டோம். போகாம இருந்திருந்தா உங்க அத்தா இந்நேரம் கடையில உக்காந்திருப்பாரு. எனக்கும் அது தெரியும், உனக்கும் தெரியும். இத்தனை நாளா உங்கிட்ட மூடி மறைச்சது என் தப்பு."

முஜீப் தலையைக் குனிந்துகொண்டான். தோள் குலுங்கத் தொடங்கியது.

"ஆனா ரூபன் ஒண்ணு கேக்காம விட்டுட்டான். சொந்தம், சனம், உங்க ஜைத்தூன் மாமி, நீ, ஒருத்தரும் கேக்கலை. வந்ததுல இருந்து செத்த கதையைத்தான் கேக்குறீங்க. கப்பல்ல அவரு எப்படி இருந்தாருன்னு, நாங்க எப்படி இருந்தோம்னு, என்னைய ஆருமே கேக்கலை முஜீபு. நீதானே அனுப்புன? நீயாவது கேளு."

புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். சந்தே பார்த்துக்கொண்டு நின்றது.

"அத்தா..." என்றான். "அத்தா சந்தோசமா இருந்தாருங்களாம்மா?"

முகம் தெரியாத எத்தனையோ பேருக்கு வகைவகையாகப் பதில் சொன்னவர் ஆமினா பீவி. கணவரின் மய்யித்தை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றுகூட ஊர் பார்க்க அழாதவர், மகன் சட்டையைப் பிடித்தபடியே நடுச்சந்தில் ஓவென்று அழுதார். அழுதுகொண்டே, ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.