மிதித்தால் கை வெளியே

பெடலை மிதித்தால் கை வெளியே வந்துவிட வேண்டும். பத்தொன்பது வருடம் என் உடம்புக்குத் தெரிந்த ஒரே சட்டம் அதுதான்.

டப்பாவுக்கு மூடி அடிக்கும் கம்பெனி. இரவு ஷிப்ட். எனக்கு நாலாம் நம்பர் பிரஸ். தகட்டை உள்ளே தள்ளி, நேராக்கி, கையை எடுத்துவிட்டுப் பெடலை மிதிக்க வேண்டும். மேலேயிருந்து இரும்பு இறங்கும். ஒரு மூடி. மறுபடி தகடு. மணிக்கட்டில் தோல் வார் கட்டியிருக்கும். இரும்பு இறங்கும்போது அந்த வார் கையைப் பின்னால் இழுத்துவிடும். வாரை ஒழுங்காக இறுக்கிக் கட்டினால் கை உள்ளே சிரமப்பட்டுத்தான் எட்டும், வேலை வேகமாக ஓடாது. அதனால் எல்லோருமே இரண்டு துளை தளர்த்தித்தான் கட்டுவோம். சூப்பர்வைசருக்குத் தெரியும், பார்க்காத மாதிரி போவார். ஆக, கையைக் காப்பாற்றியது வார் இல்லை, கையேதான். கால் அழுந்திய கணத்தில் அது தெறித்து வெளியே வரும். என்னைக் கேட்டுக்கொண்டெல்லாம் வராது.

பக்கத்து ஐந்தாம் நம்பர்காரனுக்கு ஒருநாள் கை வரவில்லை. தூக்கக் கலக்கம். இப்போது அவனுக்குப் பெயர் ஏழரை. மிச்சமிருக்கும் விரல்களின் எண்ணிக்கை அது. அவனே வைத்துக்கொண்ட பெயர்தான். ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது, சனியன் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் ஷிப்டுக்குப் போய் நாலாம் நம்பரில் உட்கார்ந்தேன். கால் மிதிக்க மாட்டேன் என்றது. அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தேன். வயது ஐம்பத்து மூன்று.

வேலையை நான் விட்டேன். கை விடவில்லை. தூக்கத்தில் கால் லேசாக உதறினால் போதும், இரண்டு கையும் தெறித்து மேலே வரும். ஒரு தடவை மனைவியின் மூக்கில் பட்டு ரத்தம் வந்துவிட்டது. அவள் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள், ஐந்தரைக்கு எழுந்தாக வேண்டும். இருபத்தாறு வருடத்தில் கை நீட்டாத மனுஷன் இப்போது தூங்கிக்கொண்டே நீட்டுகிறார் என்று தன் தம்பியிடம் சொல்லிவிட்டு, தலையணையோடு முன்னறைக்குப் போய்விட்டாள்.

அந்தத் தம்பி, என் மச்சினன், ஸ்பீக்கர் ரிப்பேர் பார்க்கிறவன். ஓயாத வாய் என்பதால் ஜெனரேட்டர் என்று பெயர். அவன் கடைக்கு வேன் ஓட்ட ஆள் தேவைப்பட்டது. நானே ஓட்டுகிறேன் என்று ஒரு மைதானத்தில் பழகிப் பார்த்தோம். பிரேக்கை மிதித்தேன். இரண்டு கையும் ஸ்டியரிங்கை விட்டு எழும்பின. வேன் ஒரு மண்மேட்டில் முட்டி நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஜெனரேட்டர் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தான். அப்புறம் சொன்னான்: "மாமா, கைக்கு முதல்ல வேற ஏதாவது வேலை குடுங்க. சும்மா இருக்கறதாலதான் அது வம்பு பண்ணுது."

வகுப்பைக் காட்டியதும் அவன்தான். டயர் கடைக்கு மேலே ஒரு அறை. படிக்கட்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது: நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு, சிரமமில்லாமல் டிரம்ஸ். சிரமமில்லாமல் என்று எழுதியிருந்த எதையும் நான் நம்பியதில்லை. ஆனாலும் ஏறினேன். பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒன்றும் சுலபமாக இல்லை.

அதே வாரம் சூப்பர்வைசர் என் மனைவிக்குப் போன் செய்தார். இரண்டு மாதம் கழித்து வரும் ஒண்ணாம் தேதிவரை நாலாம் நம்பருக்குத் தற்காலிக ஆள்தான் போடுவார், அன்றைக்கு நான் வராவிட்டால் வேறு ஆளை நிரந்தரமாக எடுத்துவிடுவார், வந்தால் பகல் ஷிப்டே தருவாராம். நல்ல மனுஷன்தான். மனைவிக்கு முதுகு போய்க்கொண்டிருந்தது. ஈரப் போர்வை மூட்டைகளை அவள் இன்னும் எத்தனை நாள் தூக்குவாள்? நான் அவளிடம் ஒரு ஒப்பந்தம் பேசினேன். ஒண்ணாம் தேதிக்குள் காலும் கையும் சேர்ந்து வேலை செய்யப் பழகிவிட்டால் வேன் ஓட்டுவேன். பழகாவிட்டால் வாயை மூடிக்கொண்டு பிரஸ்ஸில் போய் உட்காருவேன். அவள் யோசித்துவிட்டுச் சரி என்றாள்.

டீச்சருக்கு முப்பது வயது இருக்கும். என்னை 'சார்' என்றாள். பத்தொன்பது வருடம் 'நாலு' என்று கூப்பிடப்பட்டவன், பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

முதல் இரண்டு வாரம் கைப் பயிற்சி மட்டும். குச்சியை இறுக்கிப் பிடிக்கக் கூடாது, டிரம்மின் தோலில் பட்டு அது தானாக எழும்பும், நீங்கள் தூக்க வேண்டியதில்லை என்றாள். வலித்தால் நிறுத்த வேண்டும், அது ஒன்றுதான் அவள் விதி. என் கை, அடித்த வேகத்தில் காதுவரை தெறித்து வந்தது. ஒவ்வொரு அடிக்கும் அப்படித்தான். ஒரு மணி நேரத்தில் தோள்பட்டை கல்லாகிவிடும். அடிப்பதில் உங்களுக்குச் சிரமம் இல்லை, கையை இழுத்துக்கொள்வதில்தான் இவ்வளவு சிரமப்படுகிறீர்கள் என்றாள். வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். கம்பெனியில் வலிக்கிறது என்று சொன்னவனை மறுநாளே கூலி குறைந்த பேக்கிங்குக்குத் தள்ளிவிடுவார்கள்.

மூன்றாவது வாரம் பெடல் வந்தது. பெரிய டிரம்மைக் காலால் அடிக்கும் பெடல். கால் இறங்கும் அதே நொடியில் கையும் சிறிய டிரம்மில் இறங்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒரே சத்தம். இது வந்தால்தான் மற்றதெல்லாம் வரும் என்றாள். என்னோடு சேர்ந்திருந்த ரிட்டையர்டு பள்ளிப் பேருந்து டிரைவர் முதல் நாளே அதை அடித்துவிட்டார். கிளட்சும் கியரும் மாதிரிதானே என்று சாதாரணமாகச் சொன்னார். கூடப் படித்த மருந்துக்கடை அம்மாவுக்கு இரண்டு நாள் ஆனது. எனக்குக் கால் இறங்கியது, கை இரண்டும் கூரையைப் பார்த்தன.

டிரைவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, இங்க யாரும் சுட மாட்டாங்க. கையை இறக்குங்க" என்றார்.

மருந்துக்கடை அம்மா சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

ஒரு மாதம் போனது. நான் ஏமாற்றப் பழகிக்கொண்டேன். முதலில் கையால் அடித்து, கையை எடுத்துவிட்டு, கண்ணிமைக்கும் நேரத்தில் காலை மிதித்தேன். எனக்கு ஒரே சத்தமாகத்தான் கேட்டது. டீச்சருக்கு இரண்டாகக் கேட்டது. மறுபடி அடிக்கச் சொன்னாள். மறுபடி இரண்டு. குச்சிகளை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டாள். முன்பே கேட்டிருக்கிறாள், கம்பெனி என்று மட்டும் சொல்லியிருந்தேன். இப்போது சொன்னேன். பிரஸ், வார், இரண்டு துளை, ஏழரை, எல்லாம். அவள் ஐயோ என்றோ பாவம் என்றோ சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள். உள்ளங்கையை விரித்துச் சிறிய டிரம்மின் தோல்மேல் வைத்தாள்.

"மிதிங்க சார்."

கையை எடு என்றேன். டீச்சர் என்று சொல்லக்கூட வாய் வரவில்லை.

"மேல பாருங்க. என்ன இருக்கு?"

ஃபேன் இருந்தது. சுண்ணாம்பு உரிந்த கூரை இருந்தது. எனக்கும் தெரியும். ஆனால் கால் இறங்கவில்லை. கழுத்திலிருந்து வேர்வை முதுகுக்குள் இறங்கியது. அவளுக்கு ஒல்லியான விரல்கள், ஒரு விரலில் நகம் உடைந்திருந்தது. பத்து நிமிஷம் இருக்கும். அவள் கையை எடுக்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. கீழே டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு மிதித்தேன். டும் என்றது. கண்ணைத் திறந்தபோது அவள் கை அங்கேயே இருந்தது. ஐந்து விரல்.

நான் எழுந்துபோய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். மூக்கைச் சிந்திவிட்டுத் திரும்பி வந்தேன். அவள் இன்னும் அங்கேயேதான் கையை வைத்திருந்தாள்.

அதற்கப்புறம் தினமும் அதுதான் பாடம். அவள் கையை வைத்து மிதிப்பது. என் கையை வைத்து மிதிப்பது. பிறகு குச்சி. கையில் கொஞ்சமாகப் பயம் கழன்றது. பத்துக்கு ஒன்று சேர்ந்து விழுந்தது. பத்துக்கு இரண்டு. அந்த ஒரே சத்தம் வரும்போது முதுகெலும்பில் ஏதோ இளகியது. உடனே அடுத்த அடிக்குக் கை கூரைக்குப் போனது. எனக்குப் பொறுமை இல்லை, நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து தரையை மிதித்துத் தொடையை அடித்தேன், விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை. இப்படி அடித்தால் வராது, இது சிரமப்பட்டால் ஓடிப்போகிற விஷயம் என்று டீச்சர் சொன்னாள். ஒண்ணாம் தேதி மட்டும் ஓடிப்போகாது என்றேன்.

முப்பதாம் தேதி பத்துக்கு நாலு. நாலை வைத்துக்கொண்டு வேன் ஓட்ட முடியாது. ஜெனரேட்டரிடம் நானே சொல்லிவிட்டேன். அவன் பிரேக் இல்லாமலே ஓட்டலாம் மாமா என்று ஏதோ சொல்ல வாயெடுத்து, அக்கா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். மனைவி அன்றைக்கே என் கம்பெனிச் சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு வைத்தாள். ஆஸ்பத்திரிப் போர்வை மாதிரி கச்சிதமாக மடித்திருந்தாள்.

பகல் ஷிப்டில் அந்த இடம் வேறு மாதிரி இருந்தது. ஜன்னல்கள் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சூப்பர்வைசர் தோளில் தட்டி, வா நாலு என்றார். ஏழரைக்கு நடந்ததற்குப் பிறகு வாரை அவரேதான் இறுக்கிக் கட்டுகிறார், துளையை மாற்ற முடியாதபடி பூட்டு. பக்கத்திலேயே நின்றார். தகட்டை வைத்தேன். கையை எடுத்தேன். மிதித்தேன். மூடி. நன்றாகத்தான் போனது. பத்து, இருபது. உடம்பு பழைய தாளத்துக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். கேவலமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

முப்பதோ முப்பத்தொன்றோ இருக்கும். கால் இறங்கியது. கையும் இறங்கியது.

காலோடு சேர்ந்து, அச்சு அசலாக ஒரே நொடியில், இரும்புக்குக் கீழே. இரண்டு மாதமாக எதற்காகத் தவம் கிடந்தேனோ அதை அங்கே செய்தேன். வார் என்னை வெடுக்கென்று பின்னால் இழுத்தது. மணிக்கட்டில் ஏதோ நரம்பு அறுந்த மாதிரி இருந்தது. நாற்காலியோடு மல்லாந்து விழுந்தேன். இரும்பு இறங்கித் தகட்டில் வெறும் மூடியை அடித்துவிட்டு மேலே போனது.

சூப்பர்வைசர் முகம் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது. என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பிறகு கேட்டார்: "உள்ள விட்டியா? வேணும்னு விட்டியா?"

இல்லை என்றேன். அது தானாகப் போகிறது, இன்னும் போகும் என்றேன். டிரம்ஸ் பற்றிச் சொன்னேன். அவர் முழுசாகக் கேட்டார். சிரிக்கவில்லை. என் மணிக்கட்டிலிருந்து வாரைக் கழற்றினார்.

"போயிரு நாலு. இன்னொருத்தனை நான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போக மாட்டேன். வேற எந்தக் கம்பெனிலயும் பிரஸ்ல உக்காந்துடாத."

பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது யோசிக்க ஒன்றும் இல்லை. பிரஸ்ஸுக்கு வேண்டியது பத்துக்குப் பத்தும் வெளியே வரும் கை. வேனுக்கு வேண்டியது பத்துக்குப் பத்தும் உள்ளே இருக்கும் கை. என்னுடையது நடுவில் எங்கேயோ தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கெடுத்து வைத்திருந்தேன், அதுவும் நானே மெனக்கெட்டு.

மனைவி நாலரை மணிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே என்னைப் பார்த்துவிட்டாள். வலது கை வீங்கிச் சுரைக்காய் மாதிரி இருந்தது. பழைய போர்வையைக் கிழித்து மணிக்கட்டில் சுற்றிக் கட்டினாள். கட்டி முடிக்கும்வரை நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப அதுக்கும் ஆகாது, இதுக்கும் ஆகாது" என்றாள்.

"ஆமா."

கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதுகை நிமிர்த்த முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்கார முடிந்தது. அவள் அந்த அறைக்கு வந்து உட்கார்ந்து எத்தனையோ மாதமாகிறது.

"எங்க, காட்டுங்க. ரெண்டு மாசமா அப்படி என்னதான் பண்ணீங்க?"

இடது கையைத் தொடைக்கு மேலே தூக்கினேன். தரையை மிதித்தேன். கை மேலே போனது. அவள் மூக்கைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். மறுபடி மிதித்தேன். சேர்ந்து விழுந்தது. இதுதான் என்று கண்ணால் காட்டினேன். அவளுக்கு ஒன்றும் விளங்கியதாகத் தெரியவில்லை. ஆனால் விரலை மடக்கி எண்ணினாள். பத்து முடிந்ததும் கையைப் பார்த்தாள்.

"நாலு" என்றாள். "நாலு போதாதுல்ல?"

போதாது என்றேன்.

அவள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. நான் மறுபடி பத்து மிதித்தேன். அந்தத் தடவை மூன்று.