பாறையடி வகுப்பறை

நிப்லா டீச்சரின் பாலர் வகுப்பு அவள் வீட்டுப் பின்னறையில்தான் நடந்தது. திருகோணமலையில், பாறையை ஒட்டிக் கட்டிய வீடு. துறைமுகத்துக்குப் போகும் லொறிகள் கிளப்பும் புழுதிக்குப் பயந்து, போன வருடம் அந்த அறையின் ஜன்னல்களைப் பலகை அடித்து மூடி ஏசி பூட்டியிருந்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பாறையடி வீடுகளில் ரேடான் வாயு இருக்கிறதா என்று பார்க்க, பல்கலைக்கழகத்திலிருந்து வினோதன் என்ற விரிவுரையாளர் வந்தார். நிறமோ மணமோ இல்லாத வாயு அது, நிலத்திலுள்ள வெடிப்புகளால் உள்ளே ஏறும், நெடுங்காலம் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய் வரலாம் என்று விளங்கப்படுத்தினார். சின்னக் கோப்பை போன்ற கருவிகளை அறைகளில் தொங்கவிட்டு, சில மாதங்கள் கழித்துக் கழற்றிக்கொண்டு போனார். நிப்லா அதை மறந்தே போனாள்.

அவர் தொலைபேசியில் அழைத்தபோது அவள் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், மற்ற அறையள் பிழையில்லை. பின்னறையிலதான், ஜன்னல் மூடிக் கிடக்கிறபடியால, ரேடான் அளவு நல்லாக் கூடிப்போயிருக்கு."

"பிள்ளைகள் அதுக்குள்ளதானே இருக்கிறாங்க."

"உடனே ஒண்டும் வராது, பயப்படாதேங்கோ. ஆனா இப்பிடியே விடேலாது. திருத்தலாம்."

விஷயத்தை அவள் கணவன் ஸஜ்ஜாத்திடம் சொன்னாள். "திருத்திப்போட்டுச் சொல்லுவம், நிப்லா. இப்ப சொன்னா ஒருத்தரும் பிள்ளைய அனுப்ப மாட்டாங்க."

அவன் சொன்னதில் பிழையில்லை. ஆனால் காலையில் வாசல் படலையடியில் பிள்ளையின் கையை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போகும் தாய்மாரின் முகங்கள் அவளுக்கு நினைவு வந்தன.

"அது என்னால ஏலாதுங்க," என்றாள்.

மறுநாள் தாய்மாரைப் படலையடியிலேயே நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னாள். அவர்களில் கோணேஸ்வரி என்பவள் தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். நிப்லா வெறும் அறை வாசலில் நின்று அழுதாள்.

ஸஜ்ஜாத் அதன்பிறகு அவளைக் குறை சொல்லவில்லை. ஜன்னல் பலகைகளை அவனே கழற்றினான். வினோதன் காட்டியபடி மேசன் நில வெடிப்புகளை அடைத்து, நிலத்துக்கு அடியிலிருந்து கூரைக்கு மேலே ஒரு குழாய் ஏற்றி, காற்றை இழுத்து வெளியே தள்ள அதில் விசிறி பூட்டினான். கருவியை மறுபடி தொங்கவிட்டார்கள். அந்த வாரங்களில் நிப்லாவுக்குச் சோறே இறங்கவில்லை. தான் இருமினாலும் பயம், தன்னுடைய மகள் இருமினாலும் பயம்.

வினோதனின் அழைப்பு வந்ததும் ஓடிப்போய் எடுத்தாள்.

"நல்லாக் குறைஞ்சிட்டுது டீச்சர். இனிப் பிள்ளையளைக் கூப்பிடலாம். முந்தி ஜன்னல் திறந்து இருந்தபடியால வாயு தங்கியிராது, மூடிக் கிடந்தது கொஞ்சக் காலம்தானே, அதை நினைச்சும் யோசிக்காதேங்கோ."

அவள் கதிரையில் உட்கார்ந்தாள். "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். பிறகு முதலில் கோணேஸ்வரியைத்தான் அழைத்தாள்.

"அண்டைக்குக் கோவம் வந்தது உண்மைதான் டீச்சர்," என்றாள் கோணேஸ்வரி. "வீட்ட வந்து யோசிச்சுப் பாத்தன். நீங்க சொல்லாம விட்டிருந்தா எங்களுக்கு எங்க தெரியப்போகுது? நாளைக்கே கொண்டுவந்து விடட்டோ?"

"ஓம், கூட்டிக்கொண்டு வாங்க."

அன்று மதியம் நிப்லா பசித்துச் சாப்பிட்டாள். இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டாள்.