எல்கடுவயிலிருந்து வந்த லொறி

விடிந்தும் விடியாத நேரத்திலேயே ஜோசப்பின் மண்வெட்டியோடு மேட்டின் அடியில் நின்றாள். இரவு பெய்த மழையில் செம்மண் களியாகிக் கிடந்தது. வெட்டி இழுத்தால் பாதி இரும்புத் தாச்சிக்குள் விழும், பாதி மண்வெட்டியிலேயே அப்பிக்கொண்டு கையைக் கனக்க வைக்கும். நிறைந்த தாச்சியைத் தலைக்கு ஏற்றி, வழுக்குகிற பலகையில் கால்விரலை ஊன்றி ஊன்றி நடந்து, தூரத்தில் கொட்டிவிட்டுத் திரும்பவேண்டும். ஏழு மணிக்குள் கழுத்து விண்விண்ணென்று தெறிக்கத் தொடங்கிவிட்டது.

உக்குவளைக்கு மேலே உள்ள இந்த மண் போன வருஷம்வரை கொக்கோத் தோட்டம். இப்போது காணித் துண்டுகள். கண்டியில் வேலை பார்க்கிறவர்கள், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் என்று வீடு கட்ட இடம் தேடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். டவுன் மெல்ல மலையேறிக்கொண்டிருந்தது. ஏறட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? ஏறி வருகிற டவுனுக்கு ரோடு வெட்டுகிறவர்களை மட்டும் இறங்கிப் போகச் சொல்வதுதான் வயிற்றெரிச்சல்.

அவர்கள் பன்னிரண்டு குடும்பம். நாலு தலைமுறையாகக் கொக்கோ பறித்தவர்கள். தோட்டம் கைமாறியதும் அதே மண்ணை வெட்டிச் சமப்படுத்தும் கூலிகள் ஆனார்கள். குடியிருப்பது மட்டும், குடும்பத்துக்கு ஓர் அறை என்று ஒரே கூரையின் கீழ் நீளும் அதே பழைய லயத்தில்.

காணி அளக்கச் சேவையர் வந்த நாளில் நாடா பிடித்தது பக்கத்துக் காம்பரா இராசமாணிக்கம்தான். லயத்தின் முன்னால் முளை அடிக்கிறார்கள் என்றதும் மனுஷனுக்கு முகமெல்லாம் பல். லயத்து ஆட்களுக்கு வீடு கட்ட அரசாங்கத்திலிருந்து ஏழு பேர்ச் காணி வரும், வரும் என்று கேட்டே காது புளித்தவர். அது வந்துவிட்டது என்றே நினைத்துவிட்டார். சம்மட்டியை வாங்கித் தன் கையாலேயே முளைகளை அடித்தார். ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார். வேதக்காரியான ஜோசப்பின்கூடத் தன் வாசல் முளைக்கு ஒரு செவ்வரத்தம்பூ வைத்தாள். சேவையர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த முளைகள் புது ரோட்டுக்கும் வடிகானுக்கும் அடித்தவை என்பது இந்தக் காலையில்தான் தெரிந்தது. வடிகான் வெட்டக் கயிறு கட்டினார்கள். கயிறு முளைக்கு முளை போய், நேரே ஜோசப்பினின் அடுப்படிக்குள் நுழைந்தது.

எட்டு மணிக்கு, தோட்டத்தை வாங்கிய சுந்தரலிங்கம் முதலாளி வான் வண்டியில் வந்து இறங்கினார். மாத்தளை டவுனில் இரண்டு கடை, கோயிலில் மரியாதை. நம்ம ஆள்தானே என்று இவர்கள் நம்பிக்கொண்டிருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இராசமாணிக்கம்தான் போய்க் கேட்டார்.

"கயிறு லயத்துக்குள்ள போகுதுங்களே, ஐயா."

"ரோடு அப்படித்தான் வருது. சித்திரைக்குப் பிறகு லயம் இருக்காது."

"நாங்க நாலு தலைமுறையா இருக்கோங்க."

"இருந்தீங்க. வாங்கினது நான்."

இராசமாணிக்கம் மேட்டைக் காட்டி, இருபதடி மண் சுவர் மாதிரி நேராக நிற்கிறது, மழை வேறு, படிபடியாக வெட்டி இறக்காவிட்டால் சரியும் என்றார். அதைப் போன வாரமும் சொல்லியிருந்தார்.

"படி வெட்டினா எனக்கு ஒரு துண்டு காணி போயிரும். நேரா இறக்கு," என்றார் முதலாளி.

பத்து மணிக்கு மேடு சரிந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. ஜோசப்பின் தாச்சியைக் கொட்டிவிட்டுத் திரும்பியபோது இராசமாணிக்கம் நின்ற இடத்தில் ஈர மண் குவிந்து கிடந்தது. மண் அள்ளும் பெக்கோ மெஷின் ஓட்டுகிற றிஸ்வான் மெஷினை அப்படியே விட்டுவிட்டுக் குதித்து ஓடிவந்தான். இரும்புக் கை பட்டால் உடம்பு கிழிந்துவிடும் என்று எல்லோரும் வெறுங்கையால் தோண்டினார்கள். நகம் பெயர்ந்தது. அவரை வெளியே எடுத்தபோது வாய் நிறைய மண். இராஜகுமாரி அழவில்லை. புருஷனின் வாயிலிருந்த மண்ணை விரலால் வழித்து வழித்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த இடத்தில் போய் நிற்கச் சொல்லி யாரும் அவருக்குச் சொல்லவில்லை என்று முதலாளி பொலிஸில் எழுதிக்கொடுத்தார்.

மறுநாள் லயத்திலிருந்து ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. முதலாளிக்கோ அவசரம். ஞாயிற்றுக்கிழமை காணி பார்க்க ஆட்கள் வருகிறார்கள். அதற்குள் சரிந்த மண்ணை அள்ளி, ஜோசப்பினின் காம்பராவை உடைத்து, வடிகானை இழுத்துவிட வேண்டும். பிரேதத்தை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து லயத்து வாசலில் கூடாரத்தின் கீழ் கிடத்தியிருந்த மூன்றாம் நாள் காலையில், எல்கடுவத் தோட்டத்து ஆட்கள் இருபது பேரை ஏற்றிக்கொண்டு ஒரு லொறி வந்து நின்றது.

லயத்தில் இரண்டு மூன்று பேர் கல்லை எடுத்துவிட்டார்கள். ஜோசப்பின் குறுக்கே போய் நின்றாள்.

"கீழ போடுங்க. அவங்க கையிலயும் காய்ப்புத்தான் இருக்கு."

சொல்லிவிட்டாளே தவிர, அவள் கையும் கல்லுக்குத்தான் பரபரத்தது. அடுப்படியை உடைக்க வந்தவர்கள் அவள் போலவே சாக்குத் துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு, அவள் போலவே மண்வெட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே வந்து அந்த முகத்தை ஒரு தரம் பாருங்கள் என்று கூப்பிட வாய் வந்தது. ஆனால் சாவு வீட்டுக்கு யாரையும் வாங்க என்று கூப்பிடுவதில்லை. வருகிறவர்கள் தாங்களாக வரவேண்டும். அவளால் சேதியை மட்டும்தான் சொல்ல முடிந்தது.

"இராசமாணிக்கம் அண்ணன் முந்தாநாள் இந்த மேட்டுல புதைஞ்சு செத்துட்டாரு. நீங்க அள்ள வந்தது அந்த மண்ணத்தான்."

லொறியில் இருந்தவர்களுக்குச் சாவைப் பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை. பிறகு சிவநந்தினி என்ற ஒல்லிப் பொம்பளை மண்வெட்டியை லொறித் தட்டில் வைத்துவிட்டு இறங்கினாள். யாரையும் பார்க்காமல் கூடாரத்துக்குள் போய் இராஜகுமாரியைக் கட்டிக்கொண்டாள். மூன்று நாளாக அழாதவள் அப்போதுதான் அழுதாள். ஒவ்வொருவராக மற்றவர்களும் இறங்கினார்கள்.

ஒன்பது மணிக்கு முதலாளி வந்தபோது லொறி காலி.

"பார்த்தாச்சில்ல, வேலையத் தொடங்குங்க," என்றார்.

"சாவு வீட்டுல கால் வச்சிட்டோங்க," என்றாள் சிவநந்தினி. "குளிக்காம மண்வெட்டியத் தொடமாட்டோம்."

"பைப்பு இருக்கு. குளிச்சிட்டு வாங்க."

"பிரேதம் எடுக்காம குளிக்கிறதில்லைங்க."

முதலாளி றிஸ்வானிடம் திரும்பினார். இந்தத் தீட்டெல்லாம் உனக்கு இல்லையே, நீ மெஷினை எடு என்றார்.

"அந்த மனுஷன கையால தோண்டி எடுத்தவன் நான், முதலாளி," என்றான் அவன். சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

ஜோசப்பின் முன்னால் வந்தாள். "மேட்டப் படி வெட்டி இறக்குங்க. லயத்துக்குப் பதிலா எங்களுக்குக் காணிய எழுத்துல தாங்க. அதுவரைக்கும் வடிகான் என் அடுப்படிக்கு வராது."

"எல்கடுவயில மட்டுமா ஆள் இருக்கு? நாளைக்கு வேற லொறி வரும்," என்றார் அவர், வான் வண்டியில் ஏறிக்கொண்டே.

அவர் சொன்னது பொய்யில்லை. பசித்தவர்களுக்கு மலைநாட்டில் பஞ்சமா?

பின்னேரம் பிரேதத்தை எடுத்தார்கள். எல்கடுவ ஆட்களும் தோள் கொடுத்தார்கள். அடக்கம் முடிந்து, ஓடையில் குளித்து, ஈரத்துணியோடு லொறியில் ஏறினார்கள். சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் போயிட்டு வாறோம் என்று சொல்வதில்லை. ஒரு வார்த்தை பேசாமல், திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். மற்றவர்கள் அப்படித்தான் ஏறி உட்கார்ந்தார்கள்.

சிவநந்தினி லொறிப் பலகையைப் பிடித்துக்கொண்டு ஜோசப்பினைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாளைக்கு வாறோம் அக்கா. அந்த லொறி வாறதுக்கு முந்தி வாறோம். நடந்தே வாறோம்."