மே/பா அன்னபுஷ்பம்

"அந்தப் பேரு உன்னுதா?"

"இல்ல சார்."

"அப்ப அந்தப் பேருக்கு வர்ற லெட்டரு உனுக்கு இன்னாத்துக்கு?"

ஸ்ரீபெரும்புதூர் தபாலாபீசின் கம்பி வலைக்குப் பின்னாலிருந்த கோதண்டம், முத்திரைக் கட்டையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அன்னபுஷ்பம் வலையின் ஓட்டையில் விரலை நுழைத்து எடுத்தாள்.

"எனக்குத்தான் சார் எழுதுவாரு. பேரு மட்டும் எங்க அக்காவுது."

"ஆளு நீ, பேரு அவங்களுதா? நல்லா கீதும்மா."

ஆனால் அது உண்மைதான். பெரியம்மா மகள் சவரியம்மாள் பிரசவத்துக்குப் போனபோது, தன் இடம் வேறொருத்திக்குப் போய்விடுமோ என்று பயந்து கான்ட்ராக்டரைக் கேட்டிருக்கிறாள். "அதே அட்டைல யாராச்சும் வந்தா போதும்" என்றாராம் அவர். கம்பெனி அடையாள அட்டையில் படம் கிடையாது. அப்படித்தான் அன்னபுஷ்பம் எட்டு மாதம் சுவிட்ச் கம்பெனியில் சவரியம்மாளாக இருந்தாள். சூப்பர்வைசர் அந்தப் பெயரைச் சொன்னபோது திரும்பினாள். யேசுராஜ் சொன்னபோதும் திரும்பினாள்.

அவன் புது மெஷின்களைப் பொருத்த வந்த ஃபிட்டர். அடுத்த வேலை பிலாயில் என்று உத்தரவு வந்ததும், கையைத் துணியில் துடைத்துக்கொண்டே அவளிடம் வந்தான். "போய்ச் சேந்ததும் விலாசத்தோட கம்பெனிக்கே எழுதறேன், சவரி. நீ சரின்னு எழுதினா லீவுல உங்க வூட்டுக்கு வந்து பேசறேன்."

அது என் பெயரில்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். சூப்பர்வைசர் நான்கடி தள்ளி நின்றிருந்தார். தலையை மட்டும் ஆட்டினாள்.

அடுத்த வாரமே சவரியம்மாள் வேலைக்குத் திரும்பினாள். அட்டை அவளிடம் போயிற்று, பெயரும் கூடவே போயிற்று. அதற்குப் பிறகு ஒரு மாதம் ஓடிவிட்டது. அந்தக் கடிதம் பனி மூடிய ஏதோ ஊர்களைத் தாண்டி, தூக்கம் வராத ஆட்களின் கைகளில் மாறி மாறி வந்துகொண்டிருப்பதாக அன்னபுஷ்பம் நினைத்துக்கொள்வாள். பிறகு இன்னொன்றையும் நினைப்பாள். தன் பெயர் தெரிந்தால் அதை அவன் எந்த இடத்தில் உடைத்துச் சுருக்குவான்? அன்னம் என்பானா, புஷ்பம் என்பானா?

"பேரை என்னால மாத்த முடியாதும்மா," என்றார் கோதண்டம். "ஊரை மாத்தலாம்."

இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து அவரே நிரப்பினார். கம்பெனி விலாசத்துக்கு வரும் கடிதங்கள் இனி போக வேண்டிய இடம் என்று இருந்த கோட்டின் மேல் எழுதினார்: சவரியம்மாள், மே/பா அன்னபுஷ்பம், பென்னலூர்.

இரண்டு பெயரும் ஒரே விலாசத்தில் மேலும் கீழுமாக இருந்தன. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படிவத்து அடில உங்க அக்கா கையெழுத்து வேணும். நீ போட்டா செல்லாது. மூணு மாசம்தான் இது. அதுக்குள்ள அவருக்கு உன் பேரைச் சொல்லிடு தாயி, மறுபடி என்னை இழுக்காத."

சாயங்காலம் பென்னலூர் நிறுத்தத்தில் கம்பெனி பஸ்சுக்காகக் காத்திருந்தாள். சவரியம்மாள் சாப்பாட்டுக் கூடையோடு இறங்கினாள். அன்னபுஷ்பம் படிவத்தை நீட்டி, கூட நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். சவரியம்மாள் நடை நின்றது.

"யேசுராஜா? அது உன் ஆளா?"

"உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"போன செவ்வாக்கெழம ஒரு லெட்டரு வந்துச்சு. வாட்ச்மேன் அத்தினி பேரு எதிர்ல என் பேரைக் கூவிக் குடுக்கறான். திருப்பிப் பாத்தா எவனோ யேசுராஜு. உங்க மாமா கண்ணுல பட்டா இன்னா ஆவறது? அவரு ஏற்கெனவே ஷிப்ட் முடிஞ்சி பத்து நிமிஷம் லேட்டானா பத்து கேள்வி கேக்கறாரு."

"லெட்டரு எங்கக்கா?"

"பிரிக்கவே இல்ல. வேணாம்னு மேல எழுதி, என் பேரைப் போட்டு, வாட்ச்மேன் கிட்டயே திருப்பி வுட்டேன்."

அன்னபுஷ்பம் புளியமரத்தடியில் உட்கார்ந்தாள். சரி என்ற ஒரு சொல்லுக்காகக் காத்திருப்பவனிடம் இந்நேரம் வேணாம் என்ற சொல் போய்ச் சேர்ந்திருக்கும். கீழே சவரியம்மாள் என்று கையெழுத்தும் இருக்கும். அவனுக்குத் தெரிந்த பெயர் அது ஒன்றுதான்.

"பின்னாடி விலாசம் பாத்தியா?"

"பிலாய்னு இருந்துது. மீதிய யாருடி பாத்தா." சவரியம்மாளின் குரல் தணிந்தது. "நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா உன் கைல குடுத்திருப்பேன். எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுதான்."

"இப்பவும் எனக்கு பயமா கீது அன்னம். கவர்மென்டு காயிதத்துல கையெழுத்து வெச்சி, நாளைக்கு அட்ட மாத்தினது வெளிய வந்தா ரெண்டு பேரும் கேட்டுக்கு வெளியதான். அதுவும் இல்லாம, வேணாம்னு சொன்னப்புறம் எந்த ஆம்பள திரும்ப எழுதுவான்?"

அன்னபுஷ்பம் எழுந்தாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள். கூடையின் மூடிமேல் படிவத்தை விரித்து, காற்றில் பறக்காமல் ஒரு ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டாள்.

"ஒருவேள எழுதினாருன்னா, அது வந்து சேர ஒரு எடம் இருக்கட்டும். இங்க மட்டும் உன் பேரைப் போடுக்கா."